தூரிகையும் அளவும்

பால்மரத் தோட்டத்துக் கருவிகளைப் பற்றிப் பேசுவோர் உளியையும் மங்கையும் காண்டா வாளியையும் நினைவுகூர்வர். தூரிகையை நினைப்பார் அரியர். எனினும், மரத்தின் வாழ்நாளையும் தொழிலாளியின் வருவாயையும் ஒருங்கே தாங்கிய கருவி அது.

1970களில் எத்தெஃபோன் என்னும் ஊக்கமருந்து மலேசிய ரப்பர் தோட்டங்களில் பரவியது. பட்டைக்குள் சென்றதும் அது சிதைந்து எத்திலீன் வாயுவை வெளிவிடும். பால்குழாய்கள் அடைபடுவது அதனால் தாமதப்படும். பால் நெடுநேரம் ஒழுகும். 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இம்மருந்தின் பயனையும் அளவையும் ஆராய்ந்தது. ஆனால், ஆய்வுக்கூடத்தில் வரையறுத்த அளவு மரத்தை அடைந்தது ஒரு சிறு தூரிகையின் வழியாகவே.

வெட்டுக்கோட்டில் படிந்த கோட்டுப்பாலை உரித்துத் தூய்மை செய்தோ, கோட்டையொட்டிய பட்டையின் மேற்பொருக்கைச் சுரண்டியோ மருந்தைப் பூச வேண்டும். மரமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் போதும். 500 மரங்கள் கொண்ட நிரைக்கு அரைக் கிலோ. கணக்கு எளிது, பங்கீடு அரிது. பெருந்தூரிகையை மருந்தில் முழுக்கி எடுத்தால் முதல் மரம் தேவைக்கு மேல் பெறும்; மூன்றாம் மரத்திற்கு வறண்ட மயிரின் உரசலே மிஞ்சும். அளவுக்கு மிஞ்சி ஊக்கப்பட்ட மரம் சில காலம் வாரி வழங்கும். பின்னர்ப் பட்டை வறண்டு, வெட்டினாலும் பால் சுரக்காத நிலையை எய்தவும் கூடும். பால் எடையோடு கூலியும் பிணைந்திருந்த வாழ்க்கையில் வறண்ட மரம் வறண்ட அடுப்புக்கு அறிகுறி.

ஆகவே, நல்ல தூரிகை எது? மிகுதியாக ஏந்துவதன்று, ஒரு மரத்தின் பங்கை மட்டும் ஏந்துவதே. மயிர்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளே நீர்மத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. இடைவெளி அகன்றால் நீர்த்த மருந்து வழிந்துவிடும். மிக நெருங்கினால், செம்பனை எண்ணெயில் குழைத்த தடித்த மருந்து பட்டையில் இறங்காது. தூரிகையின் அகலம் பூச வேண்டிய பட்டையின் அகலத்தோடு ஒத்திருந்தால் ஒரே இழுப்பில் வேலை முடியும். மருந்து அமிலத் தன்மையுடையது. ஆதலால் மயிரைக் கட்டும் தகரம் அரிக்கப்படும். கைப்பிடி குறுகியதாயின் விரலும் அதன் எரிச்சலுக்கு ஆளாகும்.

இவற்றையெல்லாம் நூலில் படித்து அறிந்தோர் சிலர். கையால் அறிந்தோர் பலர். லாபு, ரந்தாவ், பகாவ் போன்ற நெகிரி செம்பிலான் வட்டாரங்களின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள், விடியற்காலை இருளில் மரத்துக்கு மரம் நடந்து தேர்ந்த கைகளை உடையவர்கள். தகர விளிம்பில் எத்தனை முறை வழித்தால் தூரிகை சொட்டாது என்பதை அறிய அத்தகைய கைகளுக்குத் தராசு வேண்டியதில்லை. கருவியை வடிவமைப்போர் முதலில் கேட்க வேண்டிய கருத்து அதனை நாள்தோறும் ஏந்துவோரின் கருத்தே. ஆனால், கருவியின் வரலாற்றில் அவர்களுடைய சொல் மிக அரிதாகவே பதிவாகிறது.

அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்துவிட்டன. அருங்காட்சியகத்தில் உளி இடம்பெறும், மங்கும் இடம்பெறும். அவற்றின் அருகே மயிர் தேய்ந்த ஒரு சிறு தூரிகையையும் வைத்தல் தகும். அளவறிந்து வழங்கிய கைகளுக்கு அதனினும் பொருத்தமான சான்று வேறில்லை.