பெல்ட் கத்தினால் பெல்ட் மட்டுமா குற்றவாளி?

லாரி என்றால் நாமக்கல், பஸ் பாடி என்றால் கரூர். திருவெறும்பூர் என்றால்? எறும்பீஸ்வரர் மலைக்கோயில், அதை விட்டால் 'பெல்' பாய்லர் ஆலை. 1960களில் அந்த ஆலை வந்த பிறகு, துவாக்குடி வரைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. இரும்புத் தகடும் குழாயும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டில் போய் வரும் லாரிகளில் பழசும் உண்டு. பழைய வண்டி என்றால் கேபின் ஆடும், கதவு கடகடக்கும், டிரைவர் எதையும் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் இன்ஜினுக்கு முன்பக்கமிருந்து 'கிரீச்ச்' என்று ஒரு சத்தம் வந்தால் மட்டும் அவர் முகம் மாறும். காரணம் இருக்கிறது.

கிராங்க் புல்லியில் இருந்து சக்தியை எடுத்து வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஃபேன், ஆல்டர்நேட்டர் (நம்மூர் பட்டறை மொழியில் இன்னும் டைனமோதான்) எல்லாவற்றையும் சுற்றுவது அந்த ஒரு ரப்பர் வளையம். சில வண்டிகளில் இரண்டு வளையம். அது அறுந்தாலும் பழைய டீசல் இன்ஜின் உடனே நிற்காது. ஸ்பார்க் பிளக் கிடையாதே! அதுதான் ஆபத்து. தண்ணீர் சுற்றாமல் இன்ஜின் சூடேறிக்கொண்டே போகும். டிரைவர் மீட்டரைப் பார்க்காவிட்டால் ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட்டே வெடிக்கவும் செய்யும். சில நூறு ரூபாய் பெல்ட், பல ஆயிரம் ரூபாய் செலவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இந்த 'வி' வடிவ ரப்பர் பெல்ட்டுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் செய்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், மதுரை கோச்சடை ஃபென்னர் ஆலையே பெல்ட்டுக்குப் பேர் போனதுதான். இதன் சூட்சுமம் எளிது. பெல்ட் புல்லியின் அடியில் உட்காராது. இரண்டு பக்கச் சுவரிலும் ஆப்பு மாதிரி இறுகிப் பிடிக்கும். தேய்ந்து மெலிந்த பெல்ட் அடியைத் தொட்டுவிட்டால் பிடிமானம் போச்சு. புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் அதுதான் அர்த்தம்.

சரி, சத்தத்துக்கு வருவோம். மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று, நீளமான 'கிரீச்ச்ச்'. காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதித்ததும் வரும். பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியை நிரப்ப டைனமோ அதிக பலம் கேட்கும். தொளதொள பெல்ட்டால் கொடுக்க முடியாது. மார்கழிப் பனியில் இது கூடும். ஆயில் கசிந்து பெல்ட்டில் பட்டாலும் இதே சத்தம்தான்.

இரண்டு, 'கீச்... கீச்...' என்று அணில் கத்துவது போல விட்டுவிட்டு வருவது. இன்ஜின் வேகம் ஏறினால் கீச்சும் வேகமாகும். இது பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் வருவது.

மூன்று, 'கரகர' உறுமல். இது பெல்ட்டே இல்லை. வாட்டர் பம்ப் அல்லது டைனமோ பேரிங்.

முதல் இரண்டையும் பிரித்தறிய ஒரு பாட்டில் தண்ணீர் போதும். ஓடும் பெல்ட்டின் உள்பக்கத்தில் தள்ளி நின்று கொஞ்சம் தெளிக்க வேண்டும். சத்தம் சற்று நேரம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லி கோணல். சத்தம் கூடினால் பெல்ட் தொய்வு. மூன்றாவதற்கு பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம் (தண்ணீர் சுற்றாது, அதற்கு மேல் வேண்டாம்). சத்தம் நின்றுவிட்டால், இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால் போதும். கரகரப்பதும் ஆடுவதும்தான் திருடன்.

துவாக்குடி பக்கம் ஒரு ஷெட்டில் நடந்தது இது. சொந்த வண்டி வைத்து ஓட்டும் ஒருவர், இருபது நாளில் இரண்டு பெல்ட் மாற்றியும் கீச்சு நிற்கவில்லை. வண்டியில் தகடு லோடு நிற்கிறது. அன்று இறக்கினால்தான் வாடகை, வாடகை வந்தால்தான் மாதத் தவணை.

"தம்பி, இன்னொரு பெல்ட்டைப் போட்டு அனுப்பு. பேசிட்டு நிக்க நேரமில்ல."

"போட்டுத் தரேண்ணே, எனக்கென்ன காசுதானே. பத்து நாள் கழிச்சு நடுரோட்டுல அறுந்தா யாரு வருவா?"

சொல்லிவிட்டு மெக்கானிக் எடுத்தது ஸ்பேனரை அல்ல, நூலை. கொத்தனார் சுவருக்குப் பிடிப்பது போல, கிராங்க் புல்லி முகத்தில் இருந்து டைனமோ புல்லி முகம் வரை இழுத்துப் பிடித்தார். நூல் இரண்டு புல்லியின் விளிம்புகளையும் ஒரே சீராகத் தொட வேண்டும். டைனமோ புல்லி ஒரு வாஷர் கனம் பின்னால் இருந்தது. முன்பு எங்கோ டைனமோவைக் கழற்றி மாட்டியபோது பிராக்கெட்டில் ஒரு வாஷரை விட்டுவிட்டிருக்கிறார்கள். இரண்டு பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்ததும் அதனால்தான். வாஷரைப் போட்டு, நூல் பிடித்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் புது பெல்ட். லோடு அன்று சாயங்காலம் இறங்கியது.

மாட்டும்போதும் சில விஷயம் உண்டு. திருப்புளியால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் இழை அறும். அட்ஜஸ்டரைத் தளர்த்தித்தான் மாட்ட வேண்டும். இரட்டை பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுசு மட்டும் சுமை தாங்கும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் அமுங்குவது பொதுக் கணக்கு. உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும். சத்தம் வரக்கூடாதென்று வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் அடுத்து பேரிங் போகும். புது பெல்ட் கொஞ்சம் நீளும், ஆகவே சில நாள் ஓடிய பின் மறுபடி பார்க்க வேண்டும். சோப்பு தேய்ப்பதும், குங்கிலியப் பொடி தூவுவதும் சத்தத்தின் வாயைப் பொத்துவதுதான், வைத்தியம் இல்லை.

முக்கியமாக, இன்ஜின் ஓடும்போது கை உள்ளே போகக்கூடாது. சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்ட பிறகே பெல்ட்டைத் தொட வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு, தொங்கும் லுங்கி முனை... ஃபேனுக்கு இதெல்லாம் ஒரு வாய்தான்.

கார், வேன், வீட்டு மாவு மில், கிணற்று இன்ஜின், எங்கே வி பெல்ட் ஓடினாலும் இதே கணக்குதான். அடுத்த தடவை கீச் என்று கேட்டால் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு முழம் நூலும் எடுங்கள்.