18 மீற்றருக்குக் கீழே

நிலாவெளிக்குப் போயிருக்கிறீர்களா? திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீற்றர். கரையில் நின்று பார்த்தால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் பாறையும் பற்றையுமாக ஒரு சிறு தீவு தெரியும். அதுதான் புறாத்தீவு. மாடப்புறாக்கள் குடியிருப்பதால் வந்த பெயர். 2003ஆம் ஆண்டு அது தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போகும் நம்மவர்கள் வள்ளத்தில் ஏறிச் சென்று, இடுப்பளவு தண்ணீரில் நின்று, முருகைக் கற்களைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்புவதுண்டு. செட்டையின் நுனியில் மை தொட்டு வைத்தது போன்ற சிறிய சுறாக்களைக் கண்டு கத்தாத பிள்ளைகள் குறைவு. பயப்பட வேண்டாம், அவை மனிதரைத் தேடி வருபவை அல்ல.

அந்தத் தண்ணீருக்கடியில் ஒரு பள்ளிக்கூடமும் நடக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் காலத்தில், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சுழியோடப் பழகுகிறவர்கள் இங்கே வருகிறார்கள். நமது பெண்பிள்ளைகளுக்கும் இந்த ஆசை வந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருத்தி கேட்டிருக்கலாம், அல்லது நீங்களே ஆசைப்பட்டு வெளியில் சொல்லாமல் இருக்கலாம். சகோதரிகளே, அடிப்படைப் பயிற்சியைத் திக்கித் திணறி முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று யோசிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் சாச்சியின் மகள் அப்படிப்பட்டவள். பள்ளிக்கூட ஆசிரியை. நன்றாக நீந்துவாள். நான்கு நாட்களில் முடியும் பயிற்சிக்கு அவளுக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன. கூடச் சேர்ந்த இருவர் படித்து முடித்து ஊருக்கும் போய்விட்டார்கள். அவளை நிறுத்தி வைத்தது ஒரேயொரு காரியம், முகக் கண்ணாடி. நீருக்கடியில் அதை முழுதாகக் கழற்றி, திரும்ப அணிந்து, தலையைச் சற்று அண்ணாந்து மூக்கால் ஊதி, உள்ளே நிறைந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கேட்கச் சுலபம்தான். ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டதும் மூச்சை அடக்கிக்கொள்வது மனிதரின் இயல்பு. மூக்கைச் சும்மா விட்டுவிட்டு வாயால் மட்டும் மூச்செடுத்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிடாது. அவள் ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு எழுந்து மேலே போகப் பார்த்தாள்.

ஒருவாறு முடித்த அன்று இரவு கேட்டாள்: “ராத்தா, சான்றிதழ் கிடைச்சிட்டு. அடுத்த பயிற்சிக்கும் இப்பவே சேரலாமாம். சேரட்டா?”

இதற்கு விடை சொல்ல உங்களைத் தெற்கே பாசிக்குடாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. வாழைச்சேனை தாண்டிப் போனால், முழங்காலளவு நீரில் வெகுதூரம் நடக்கக்கூடிய அந்த அமைதியான குடா. அதற்கு அப்பால், திறந்த கடலில் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் கிடக்கிறது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த கப்பல். அது கிடக்கும் தரை சுமார் 25 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. அதே நாளில் மட்டக்களப்புக்கு நேரே ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. 300க்கும் மேற்பட்டவர்கள் அதில் இறந்தார்கள். அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது.

அடிப்படைச் சான்றிதழ் 18 மீற்றர் வரைக்கும்தான். அடுத்த கட்டப் பயிற்சி 30 மீற்றர் வரை அனுமதி தரும். பொழுதுபோக்காகச் சுழியோடுபவர்களுக்கு எல்லை 40 மீற்றர். ஆகவே புறாத்தீவு நமது கைக்கெட்டும் இடம். எண்ணெய்க் கப்பல் அடுத்த படி. ‘ஹேர்மிஸ்’ வேறு விதமான பயிற்சியும் வேறு வாயுக் கலவைகளும் வேண்டிய இடம், அதை விட்டுவிடுவோம். சாச்சி மகளின் கண்ணெல்லாம் அந்த எண்ணெய்க் கப்பலில்தான் இருந்தது.

‘அட்வான்ஸ்ட்’ என்ற பெயரைக் கேட்டுப் பலர் மிரண்டு போகிறார்கள். சிலர் மயங்கியும் போகிறார்கள். உண்மையில் ‘பாடி’ நிறுவனத்தின் அந்தப் பயிற்சி, போதனாசிரியரோடு ஐந்து தடவை சுழியோடுவதுதான். அதில் ஒன்று ஆழத்துக்கு, ஒன்று திசைகாட்டியைப் பார்த்து வழி கண்டுபிடிப்பதற்கு. மற்ற மூன்றையும் தெரிவு செய்யலாம். கடைசியில் எழுத்துப் பரீட்சை கிடையாது. அடிப்படைப் பயிற்சி முடிந்த மறுநாளே சேரலாம் என்பதும் விதிப்படி சரிதான். ஆனால் விதி அனுமதிப்பது வேறு, உங்கள் உடம்பு ஆயத்தமாயிருப்பது வேறு.

ஆழம் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். கடல் நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அமுக்கம் ஒரு வளிமண்டலத்தால் கூடுகிறது. மேற்பரப்பில் ஒரு மணித்தியாலம் போதுமான சிலிண்டர், 10 மீற்றரில் அரை மணித்தியாலம்தான் வரும். 25 மீற்றரில் ஏறத்தாழ 17 நிமிடம். அதுவும் நிதானமாக மூச்செடுப்பவருக்கு. பதற்றப்பட்டு இரண்டு மடங்கு வேகத்தில் இழுத்தால் அந்த 17 நிமிடமும் பாதியாகிவிடும். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்துவிட்டதே என்று மேலே பாயவும் முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து கிழித்துவிடும். கடைசிப் 10 மீற்றருக்குள் மட்டுமே அந்தக் காற்று இரண்டு மடங்காகிறது. அவசரமாக ஏறினால் உடம்பில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். கடலட்டைக்காக ஒரே நாளில் பல தடவை ஆழத்துக்கு இறங்கி, கால் வழங்காமல் போன சுழியோடிகளின் கதைகள் நமது கரையோரக் கிராமங்களுக்குப் புதியவை அல்ல.

ஆகவே மெதுவாகப் படித்தோமா வேகமாகப் படித்தோமா என்பதை நான் பெரிதாக எடுப்பதில்லை. மெதுவிலும் இரண்டு விதம் உண்டு. ஒருத்தி பத்துத் தடவை தவறி, பதினோராம் தடவை பிடித்துக்கொள்கிறாள். அதன் பிறகு அது அவளை விட்டுப் போவதில்லை, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் செய்வாள். இன்னொருத்தி போதனாசிரியருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, அன்றிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே சான்றிதழ்தான். முதலாமவள் ஆழத்துக்குப் போகலாம். மற்றவள் நான்கே நாளில் முடித்தவளாயிருந்தாலும் போகக் கூடாது.

நீங்கள் எந்த வகை என்பதை 6 மீற்றர் தண்ணீரிலேயே கண்டுகொள்ளலாம். யாரும் கேட்காமல் நீங்களாகவே கண்ணாடியில் பாதிக்குத் தண்ணீரை விட்டு, மூச்சின் தாளம் மாறாமல் வெளியேற்ற முடிகிறதா? தரையையும் கல்லையும் தொடாமல், கைகளை அடிக்காமல், ஒரு நிமிடம் ஒரே உயரத்தில் மிதந்து நிற்க முடிகிறதா? இந்தச் சமநிலைதான் எல்லாவற்றுக்கும் தாய் என்பேன். இது இல்லாதவர் துடுப்புக் காலால் முருகைக் கற்களையும் உடைக்கிறார், காற்றையும் வீணாக்குகிறார். ஒருவர் கேட்குமுன் சிலிண்டர் மானியைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதா? எல்லாவற்றுக்கும் மேலாக, “இன்றைக்கு வேண்டாம்” என்று வள்ளத்தில் வைத்துச் சொல்ல நா எழுமா? இந்தக் கடைசிக் கேள்வி பெண்களாகிய நமக்குக் கஷ்டமானது. காசு கட்டியாகிவிட்டது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், என்ன நினைப்பார்களோ என்றே இறங்கிவிடுவோம்.

கூடச் சுழியோடும் துணையையும் யோசியுங்கள். மன்னார் முத்துக்குளிப்பில் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். தங்கை விதவையாகக் கூடாது என்று கயிற்றை விடமாட்டானாம். இங்கே கயிறு இல்லை. உங்கள் காற்று தீர்ந்தால் தன் காற்றைத் தர வேண்டியவர் உங்கள் துணைதான். அவரைக் கண் பார்வைக்குள் வைத்திருக்க உங்களுக்கும், உங்களை வைத்திருக்க அவருக்கும் மனம் மிச்சமிருக்க வேண்டும். கண்ணாடியோடும் மிதப்போடும் போராடிக்கொண்டிருப்பவருக்கு அது மிஞ்சாது.

சாச்சி மகள் அந்த வருடம் சேரவில்லை. புறாத்தீவைச் சுற்றி எட்டுத் தடவை இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் திரும்புமுன் கண்ணாடியைக் கழற்றி அணிவதை மட்டும் விடவில்லை. ஒரு விடயத்தைத் தானாகவே கண்டுபிடித்தாள். தலையை மூடக் கட்டியிருந்த துணியின் ஓரமும் சில தலைமயிர்களும் கண்ணாடியின் இறப்பர் விளிம்புக்குள் அகப்பட்டுத்தான் அடிக்கடி தண்ணீர் கசிந்திருக்கிறது! சுழியோடிகளின் உடை கழுத்து முதல் கணுக்கால் வரை மூடுவது. அதோடு சேரும் தடித்த இறப்பர்த் தொப்பியை அணிந்து, மயிரை முழுதாக உள்ளே தள்ளி, கண்ணாடியின் விளிம்பு தோலில் மட்டும் படியும்படி வைத்தால் கசிவு நின்றுவிடும். மறைவுக்கும் அதுவே போதும். ஒன்பது நாள் அழுகையில் பாதிக்கு ஒரு முழத் துணிதான் காரணம்.

அடுத்த வருடம் ஜூலையில் சேர்ந்தாள். தெரிவு செய்யக் கிடைத்தவற்றில் மிதப்புச் சமநிலையை முதலாவதாகவும், ஆழத்தைக் கடைசியாகவும் வைக்கும்படி அவளே கேட்டுக்கொண்டாள். நல்ல போதனாசிரியர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் வேறொருவரைத் தேடுங்கள். எண்ணெய்க் கப்பலின் மேல் 20 மீற்றரில் இருக்கும்போது முன்னால் போனவரின் துடுப்புப் பட்டு அவள் கண்ணாடி இடம்பெயர்ந்து நிறைந்துவிட்டதாம். “என்ன செஞ்சாய்?” என்று கேட்டேன். “ஊதினன் ராத்தா, போயிட்டு” என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கப்பலின் இரும்பைச் சுற்றிய மீன் கூட்டத்தைப் பற்றித்தான் இரவு முழுக்கப் பேசினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. ஆஸ்துமா, காதுநோய், இருதய நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரின் எழுத்து மூல அனுமதியைப் பெற வேண்டும். தடிமன் பிடித்திருந்தால் காது அமுக்கம் சமப்படாது, அன்றைக்குக் கரையில் இருங்கள். உடம்பில் நீர் குறைந்திருப்பது நல்லதல்ல என்பதால் நோன்பு காலத்தையும் தவிர்த்துத் திட்டமிடுங்கள். இன்னுமொன்று. பாசிக்குடாவில் காலையில் சுழியோடிவிட்டு, பிள்ளைகளின் ஆசைக்காக அன்று பின்னேரமே வேனை நுவரெலியாவுக்கு விடுகிறவர்கள் உண்டு. அது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரம். ஆகாய விமானத்தில் ஏறுவது போலவே மலை ஏறுவதும் உடம்பில் மிஞ்சியிருக்கும் நைதரசனைக் குமிழியாக்கக்கூடும். பல தடவை சுழியோடியவர் விமானம் ஏற 18 மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும் என்பார்கள். மலைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கல்குடாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு புறப்பட்டால் சரி.