துப்பாக்கிக் கட்டையின் கனம்

எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு துப்பாக்கி இருந்தது. இதைச் சொன்னவுடன் நண்பர்கள் சற்றே நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அது எந்தச் சாகசக் கதைக்கும் உதவாத துப்பாக்கி. 12 போர், இரட்டைக் குழல், வால்நட் மரக் கட்டை. பயிற்சிக் களத்தைத் தவிர வேறெங்கும் அது வெடித்ததில்லை. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு வங்கியின் வாசலில், எங்கள் அப்பாவின் வலது தோளில் தொங்கியபடி கழிந்தது.

இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போய் வந்த ஆட்கள் தெருவுக்குச் சிலர் இருப்பார்கள். மழை பொய்க்கும் மண்ணில் பட்டாளமும் ஒரு விளைச்சல். மதராஸ் ரெஜிமெண்டிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பிய அப்பா, அவர்களில் பலரைப் போலவே, சொந்த உரிமத்தில் ஒரு துப்பாக்கி வாங்கி வங்கிக் காவலுக்குச் சேர்ந்தார். காலை முதல் மாலை வரை நிற்கும் வேலை. நாற்காலி இருந்தது, அதில் அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

1998 இல் அவருக்குத் தோள்வலி தொடங்கியது. பட்டாளத்தில் ஒருமுறை விழுந்து அடிபட்ட தோள் அது. முதலில் தைலம், பிறகு மாத்திரை. இரவில் அம்மா தவிட்டு ஒத்தடம் கொடுப்பாள். வலியைவிட அவரை அரித்தது வேறொன்று. துப்பாக்கியைத் தூக்க முடியாத காவலாளியை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அண்ணன் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். மற்ற இருவரும் பள்ளியில். வேலையை விட்டுவிடுமாறு அம்மா சொல்லும்போதெல்லாம் அவர் எங்கள் புத்தகப் பைகளைப் பார்ப்பார். நாங்கள் அந்தப் பார்வையைப் பார்க்காதது போல இருப்போம்.

ஒருநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: துப்பாக்கிக் கட்டையைக் குடைந்து எடையைக் குறைப்பது. பழைய .303 ரைபிளின் அடிக்கட்டையில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். எண்ணெய்க் குப்பியும் குழலைத் துடைக்கும் கயிறும் அதற்குள் கிடக்கும். பின்புறம் ஒரு சிறு மூடி. அப்பா சுமந்த எஸ்.எல்.ஆர். ரைபிளின் கட்டைக்குள் சுருள்வில் இருந்தது. அதில் கைவைக்க வழியில்லை. இந்த 12 போரில் அப்படி எதுவும் இல்லை என்பது அவர் கணக்கு. பின்தகட்டைக் கழற்றி, உள்ளே இரண்டு துளைகள் போட்டு, தகட்டை மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

மரத்தைப் பற்றி அவர் நம்பிக் கேட்கக்கூடிய ஆள் பாம்பனில் ஒரு ஓடாவி. வள்ளம் கட்டுகிறவர், அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு பேருந்தில் போனார். துப்பாக்கியைக் கொண்டுபோகவில்லை. செய்தித்தாள் மேல் கட்டையை வைத்துப் பென்சிலால் வரைந்த உருவம்தான் சட்டைப்பையில் இருந்தது. பாலத்தின் மீது கச்சான் காற்று பேருந்தைத் தள்ளியது இன்னும் நினைவிருக்கிறது.

பாதி கட்டிய வள்ளம் ஒன்று மணலில் நின்றது. ஏராவிலிருந்து இருபுறமும் வங்குகள் விலா எலும்புகளாக எழுந்திருந்தன. வாய்ச்சியால் செதுக்கிய சிராய்கள் மீது எங்களை உட்கார வைத்துவிட்டு, ஓடாவி அந்தத் தாளை மணலில் விரித்து நான்கு மூலையிலும் ஆணிப்பெட்டியும் கல்லும் வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பட்டாளத்தாரே, கைப்பிடி மெலிஞ்சு வளையுற இந்த எடத்துல உளி படக்கூடாது. நார் இங்கதான் குறுக்க ஓடும். ஒரு தட்டுல ரெண்டாப் போயிரும்."

"அங்க இல்ல அண்ணே. பின்னாடி, குண்டியில."

"பின்னாடி எடுத்தா முன்னாடி தணியும். அணியத்துல சரக்கு கெடக்க, பிந்தலையக் காலி பண்ணுன வள்ளம் எப்படிப் போகும்?"

அப்பா பேசாமல் இருந்தார். ஓடாவி மேலும் ஒன்று சொன்னார். கடல்காற்றுப்படும் ஊரில் மரம் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். குடைந்த துளையின் உட்புறத்துக்கும் எண்ணெய் காட்டாவிட்டால், எடுத்த எடையை மழைக்காலம் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடும் என்றார். கடைசியாகத் தாளை மடித்துக் கொடுத்தபோது அவர் சொன்னது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

"மீன்கூடை தூக்குற பொம்பளைக கூடையவா சின்னதாக்குறாக? சும்மாடு வச்சுக்கிறாக."

அவர் கட்டையில் கைவைக்க ஒப்புக்கொள்ளவில்லை. அது அவர் செய்யக்கூடிய வேலையும் அல்ல. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும். அப்பா இந்த விஷயங்களில் கறாரானவர். தேர்தல் அறிவிப்பு வந்தால் அழைப்புக்குக் காத்திராமல் காவல் நிலையம் போய், துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டுமா என்று கேட்டு வருவார். ஆகவே அடுத்த வாரமே உரிமம் பெற்ற கடைக்காரரைத் தேடி மதுரைக்குப் போனார். இரவு திரும்பி வந்தபோது கையில் அம்மாவுக்கு ஒரு பந்து மல்லிகை இருந்தது.

"முந்நூறு கிராம் போயிருச்சு" என்றார்.

நாங்கள் ஆளுக்கொருமுறை துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தோம். உண்மையிலேயே இலேசாக இருந்தது. முன்புறம் சற்றுத் தணிவதாகக்கூட அண்ணன் சொன்னான். ஓடாவியின் வாக்கு பலித்துவிட்டதாக வியந்தோம். அதே வாரம் அம்மா பழைய கித்தான் துணியை நான்காக மடித்து, உள்ளே பஞ்சு வைத்து, நான்கு விரல் அகலத்தில் தோள்வாருக்கு ஒரு மெத்தை தைத்தாள். அதை நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. துளைகளைப் பற்றித்தான் பள்ளியில் பெருமையடித்தோம். அப்பா அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் அந்த வாசலில் நின்றார். அண்ணன் படித்து முடித்தான், நாங்களும் முடித்தோம்.

எடை குறைந்த துப்பாக்கி அதிகமாக உதைக்கும் என்பதைப் பின்னாளில் படித்தபோது, அப்பா அதை அறியாமலா இருந்திருப்பார் என்று யோசித்ததுண்டு. தோட்டா அதே தோட்டாவாக இருக்க, துப்பாக்கியின் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், தோளில் வாங்கும் உதையின் ஆற்றல் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு கூடும். ஒரு பேரரசே இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. காட்டுப் போருக்கென்று 1944 இல் பிரிட்டன் .303 ரைபிளின் முன்கட்டையை வெட்டி, குழலைக் குறுக்கி, இரும்பையும் அங்கங்கே சுரண்டி, எடையை ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவான அளவு இறக்கியது. நம்பர் 5 என்று பெயர். அடிக்கட்டையில் ரப்பர் மெத்தை வைத்தும் அதன் உதை பேர்பெற்றது. குறியும் நிலைக்கவில்லை என்ற புகார் வர, 1947 இல் தயாரிப்பு நின்றது. எஸ்.எல்.ஆருக்கு முந்தைய தலைமுறையினரோடு வெலிங்டனில் பழகிய அப்பாவுக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

அப்பா 2022 இல் மறைந்தார். உரிமதாரர் இறந்தால் வாரிசுகள் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தாக வேண்டும். காகித வேலைகள் முடிந்து, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மூவருமாக மதுரைக்குப் போனோம். வாரைக் கழற்றிவிட்டு அதைத் தராசில் வைத்த கடைக்காரர் 3 கிலோ 300 கிராம் என்று எழுதினார். மூன்று கிலோதான் இருக்கும் என்றோம். கட்டை குடையப்பட்ட கதையைச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் திருப்புளியை எடுத்துப் பின்தகட்டின் இரு திருகாணிகளையும் கழற்றினார்.

மரம் முழுதாக இருந்தது. துளையும் இல்லை, அடைத்த தடமும் இல்லை. மரத்தின் ஆண்டு வளையங்கள் மட்டும் நெருக்கமாகத் தெரிந்தன.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். 20 மில்லிமீட்டர் அகலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டால் வெளியே வரும் வால்நட் மரம் முப்பது கிராம்தான். இரண்டு துளைக்கு அறுபது. கட்டை முழுவதுமே ஒரு கிலோவை எட்டாது. மீதிக் கனமெல்லாம் குழலிலும் பூட்டிலும் இருக்கிற இரும்பு. அதில் கைவைக்க முடியாது. "முந்நூறு கிராம் எடுக்கணும்னா கட்டையில மூணுல ஒரு பங்கு போகணும் தம்பி. அவருக்கும் இதத்தான் யாராவது சொல்லி அனுப்பியிருப்பாங்க."

அந்த இரவில் நாங்கள் உணர்ந்த இலேசு எங்கிருந்து வந்தது என்று பேருந்தில் யாரும் கேட்கவில்லை. இராமநாதபுரம் வரும்வரை அண்ணன் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். மதுரைக்குப் போய் ஒன்றும் நடக்காமல் திரும்பியவர், வழியில் நின்று மல்லிகை வாங்கியிருக்கிறார். வேலையை விட்டுவிடச் சொல்லும் அம்மாவுக்கும், ஒன்றும் தெரியாதது போல் புத்தகத்தைப் பிரித்து வைத்திருக்கும் எங்களுக்கும் சேர்த்து, பேருந்திலேயே ஓர் எண்ணைத் தீர்மானித்திருக்கிறார். அறுபது என்று சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருக்க மாட்டாள்.

வீட்டில் அம்மா காத்திருந்தாள். கட்டை குடையப்படவே இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று நாங்கள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தோம். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். அம்மா முழுதும் கேட்டாள். அவள் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை.

"அது கெடக்கட்டும். அந்த வாரக் கழட்டிக் கொண்டாந்துட்டீகளா?" என்றாள்.

கொண்டுவந்திருந்தோம்.