நாலு கிலோ காற்று

பத்தர் கடைக்குச் சைக்கிள் சாமான்களோடு போனவன் பட்டுக்கோட்டையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மஞ்சள் பையில் ஒரு சீட்டு, இரண்டு டியூப், பன்னிரண்டு போல்ட்டு. வீட்டுச் சமையல் தராசு ஐந்து கிராமுக்குக் கீழே வாய் திறக்காது. தேங்காய் மண்டித் தராசுக்கோ என் பை மொத்தமுமே தூசி. போல்ட்டுக்குப் போல்ட்டு வித்தியாசம் சொல்ல நகைத் தராசுதான் வேண்டியிருந்தது.

பத்தர் கண்ணாடிக் கூண்டுக்குள் இரும்பு போல்ட்டை வைத்தார். 4.1 கிராம். அதை எடுத்துவிட்டு டைட்டானியம் போல்ட்டை வைத்தார். 2.4.

"ஒண்ணே முக்கால் கிராமுக்கா இவ்வளவு தூரம் வந்தீய?"

"பன்னிரண்டு இருக்கு பத்தரே. இருபது கிராம் கொறையும்."

என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, எங்கிட்ட வர்றவங்க இருக்குற கிராமுக்குக் காசு குடுக்குறாங்க. நீங்க இல்லாத கிராமுக்குக் குடுக்குறீய. எங்க சேதாரமே தேவலை."

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது காற்றைக் கிழித்துப் போவதற்கென்று வடித்த கார்பன் சைக்கிள். ஃபிரேமின் குழாய்கள் உருண்டையாக இல்லாமல் முன்பக்கம் மழுங்கிப் பின்பக்கம் மெலிந்து, ஏறக்குறைய மீன் வெட்டுமுகத்தில் இருக்கும். ரிம் ஐம்பது மில்லிமீட்டர் ஆழம். கம்பிகளெல்லாம் ஹேண்டில் பாருக்குள்ளேயே ஓடி மறைந்துவிடும். சீனாவில் செய்த, பெயர் எழுதாத ஃபிரேமை வாங்கி ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து நானே பூட்டினேன். முதல் நாள் தொங்கவிட்டு நிறுத்தபோது 8.7 கிலோ. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் ஒரு வருடம் கழித்து என்னைப் பத்தர் கடை வரை கொண்டுபோய் விட்டது.

இந்த வகை வண்டிக்கு ஒரு சங்கடம் உண்டு. குழாயைத் தட்டையாக்கினால் உருண்டைக் குழாயின் உறுதி வராது. ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் கார்பன் வேண்டும். ஆழமான ரிம்முக்கும் அதே கதை. சீட்டைத் தாங்கும் தண்டு அந்த ஃபிரேமுக்கென்றே வார்த்தது. இலேசானதாக வேறொன்றை வாங்கிச் செருக முடியாது. ஆகவே கை வைக்கக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். முதலில் டியூப்: சாதாரண ரப்பர் டியூப் இரண்டும் 210 கிராம், பிளாஸ்டிக் போல மின்னும் புதுவகை இரண்டும் 72. செலவழித்த காசில் இது ஒன்றுதான் உருப்படி என்பேன். பிறகு சீட்டில் 125 கிராம், டயரில் 80, பாட்டில் கூண்டில் 80, பின் பல்சக்கரக் கொத்தில் 33. முன் ஃபோர்க்கின் தண்டில் மிச்சமாக நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்து 25. கடைசியாகத்தான் இந்தப் போல்ட்டுகள். எல்லாம் கூடி அரைக் கிலோ. ஒரு வருடச் சம்பாத்தியம்.

டீக்கடை வாசலில் வண்டியைச் சாய்த்தால் போதும். யாராவது ஒருவர் வந்து இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். "என்ன வெயிட்டு?" என்பது முதல் கேள்வி, "என்ன வெல?" இரண்டாவது. காற்றில் எப்படிப் போகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கனம் கைக்கு அகப்படும், தராசில் நிற்கும், நாலு பேரிடம் சொல்லலாம். காற்றை எந்தத் தட்டில் வைப்பது?

ஆனால் காற்றுக்கும் எடை உண்டு. நம் கடற்கரைச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.15 கிலோ. குனிந்து ஓட்டும் ஆளும் வண்டியும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் முகப்பு சுமார் 0.4 சதுர மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமென்றால் வினாடிக்கு 8.3 மீட்டர். மூன்றையும் பெருக்கினால், ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய நாலு கிலோ காற்றை ஒதுக்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறோம். ஞாயிறு காலைகளில் நான் மனோரா வரை போவது வழக்கம். நெப்போலியன் தோற்றான் என்று சரபோஜி மன்னர் நம்மூர்க் கடற்கரையில் கட்டிவைத்த கோபுரம். யாரோ எங்கோ அடித்துக்கொண்டதற்கு இங்கே எட்டு மாடி. எங்கள் தெருவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் நான் தள்ளியிருக்கும் காற்று ஒன்பது டன். ஒரு லாரித் தேங்காய்.

அந்தக் கணக்கை மேலும் போட்டுப் பார்த்தது என் தவறு. மேடு பள்ளம் இல்லாத சாலையில், அந்த வேகத்தில், மிதிக்கும் பலத்தில் ஐந்தில் நாலு பங்கைக் காற்றே வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில்தான் டயர் உருளும் தடை. எடைக்கு வேலை அங்கே மட்டும். வண்டியில் ஒரு கிலோ குறைந்தால் மனோரா பயணத்தின் 40 நிமிடத்தில் மிச்சமாவது மூன்று வினாடிக்கும் குறைவு. என் அரைக் கிலோவுக்கு ஒன்றரை வினாடிகூட வரவில்லை. அதே சாலையில் முழங்கையை மடக்கி நெஞ்சைக் கொஞ்சம் தாழ்த்தினால் ஒரு நிமிடம் கிடைக்கிறது, காசில்லாமல். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் பலம் வேகத்தின் கனமாக ஏறும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கனம் என்ற அதே சொல்லை அங்கேயும் இங்கேயும் வைத்தவர் யாரோ, எனக்காகவே வைத்ததுபோல் இருக்கிறது.

அப்பாவிடம் இருந்தது அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ். ஸ்டாண்டு, கேரியர், டைனமோ எல்லாம் சேர்ந்து இருபது கிலோவுக்குக் குறையாது. அதில் தேங்காய்ச் சாக்கைக் கட்டிக்கொண்டு தோப்புக்கும் மண்டிக்கும் போய்வருவார். ஆடி மாதத்தில் மேல்காற்று எதிர்த்தால் முதல் காரியமாக இறங்கி, தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். வேட்டியை மடித்துத் தார்ப்பாய்ச்சிக்கொள்வார். பிறகு ஏறி, தாடை ஹேண்டில் பாரைத் தொடும் அளவுக்குக் குனிந்துகொண்டு மிதிப்பார். சாக்கிலிருந்து ஒரு தேங்காயைக் கூட எடுத்துப் போட்டதில்லை.

உலகத்தில் பெரிய பெரிய ஆட்களும் இந்தத் தராசு மயக்கத்தில் விழுந்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அதற்காக எர்னெஸ்டோ கொல்நாகோ செய்து கொடுத்த வண்டி ஆறு கிலோகூட இல்லை. ஹேண்டில் பாரில் துளை, செயினில்கூடத் துளை. அந்த வண்டியின் படத்தைப் பார்த்து ஊருக்கு ஊர் பையன்கள் டிரில் மிஷினை எடுத்துக்கொண்டு சாமான்களைச் சல்லடையாக்கினார்கள். ஆனால் அது சமதளமான ஓடுபாதை. வேகம் பிடிக்கிற தொடக்கம் தாண்டிவிட்டால் எடைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. மெர்க்ஸ் மெக்சிகோவுக்குப் போனதே, 2,200 மீட்டருக்கு மேலான அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும் என்பதற்காக. துளைகள் எல்லார் கண்ணிலும் பட்டன, காற்று படவில்லை. 1984-இல் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மோசர் அதே நகரத்துக்குப் போனார். கம்பியில்லாத தட்டுச் சக்கரம், உடம்போடு ஒட்டிய உடை. மெர்க்ஸின் வண்டியைவிடக் கனமான வண்டியில் 51.151 கிலோமீட்டர். இத்தனைக்கும் பிறகு, 2000-ஆம் ஆண்டிலிருந்து சர்வதேச சைக்கிள் ஒன்றியம் பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. என் வண்டி அந்த எல்லைக்கு வெகுதூரம், கவலையில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் திருந்தினேனா? நண்பர் ஒருவரிடம் ஆழம் குறைந்த சக்கரங்கள் இருந்தன, என்னுடையதைவிட 210 கிராம் குறைவு. ஒரு மாதம் வாங்கிப் பூட்டினேன். தராசில் ஜெயித்தேன். கைக்கடிகாரத்தில் பெரும்பாலான ஞாயிறுகளில் பதினைந்து இருபது வினாடி தோற்றேன். காற்று நாளுக்கு நாள் மாறும் என்பதால் அதை அடித்துச் சொல்ல முடியாது; ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சக்கரத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்ததையும் சொல்லியாக வேண்டும். பக்கக்காற்றில் அது பதறாது. என் ஆழமான முன்சக்கரம், மல்லிப்பட்டினத்திலிருந்து அதிராம்பட்டினம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் வெடுக்கென்று ஒரு முழம் ஒதுங்கும். கஜா புயலுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் வெட்டவெளி குறைவு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் ஊர் முழுக்கத் தென்னைகள் படுத்தன. அப்பா வைத்த மரங்களும் அதில் உண்டு. மறுநாள் காலையில் கொல்லைக்குப் போனபோது கிழக்கே வானம் அதுவரை பார்த்திராத அளவுக்கு அகலமாக இருந்தது. கான்கிரீட் மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. காற்றுக்கு என்ன எடை என்று அந்த வருடம் எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மறுநடவு செய்த கன்றுகள் இப்போது வளர்ந்து வருகின்றன. அவை அடர்ந்து நிற்கும் துண்டுகளில் வண்டி மறுபடி நேராகப் போகிறது. எந்தத் தோப்புக்காரர் உடனே நட்டார், யார் இன்னும் நடவில்லை என்று முன்சக்கரம் சொல்லிவிடும்.

எடைக்கும் ஒரு ஊர் உண்டு, அது நம் ஊர் இல்லை, அவ்வளவுதான். ஒருமுறை கொல்லிமலைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏற்றம், ஒன்றே கால் மணிக்கும் மேல் மூச்சு வாங்கியது. அங்கே என் அரைக் கிலோ சுமார் அரை நிமிடம் சம்பாதித்துக் கொடுத்திருக்கும். மலைக்காரர்கள் கிராம் எண்ணுவதில் நியாயம் இருக்கிறது. நெல் வயலுக்கும் கடலுக்கும் நடுவே, ஏற்றம் என்றால் கல்லணைக் கால்வாய்ப் பாலம்தான் என்று இருக்கிறவன் எண்ணுவது ஆசை. ஆசைக்கு நான் எதிரியில்லை. ஆனால் 1.7 கிராம் குறைந்த போல்ட்டைப் பூட்டிவிட்டு, புறப்படும்போது இரண்டு பாட்டிலில் ஒன்றரைக் கிலோ தண்ணீரை நிரப்புகிறவன், தன்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அது தெரியவந்தது மல்லிப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம், ஒரு சீமைக் கருவேல முள்ளால். பம்பும் மாற்று டியூபும் சேர்ந்து கிட்டத்தட்ட 400 கிராம் என்பதால் அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். சாலையோரம் ஒரு சைக்கிள் கடை. பெரியவர் டியூபை உருவிப் பார்த்தார். கண்ணாடித்தாள் மாதிரி இருந்ததைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. சொலூஷன் தடவி ஒட்டினார், உரிந்து வந்தது. அந்த வகை டியூபுக்கு அதற்கென்றே தனி ஒட்டு வேண்டும். முள் குத்தின இடத்தை எப்படியோ அடைத்துக் காற்றடித்துப் பார்க்கலாம் என்றால், அவர் பம்பு என் வால்வில் உட்காரவில்லை. "என்ன தம்பி, வாய் இம்புட்டு ஒல்லியா இருக்கு?" அதற்கு ஒரு பித்தளை அடாப்டர் இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவு, ஐந்து கிராம்கூட இருக்காது. அதுவும் வீட்டில்.

தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி, வண்டியை ஒரு கையால் தூக்கித் தேங்காய்க் குவியல் மேல் வைத்தார். "என்னண்ணே, வெயிட்டே இல்ல!" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பாராட்டுக்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இப்போது வண்டி 8.2 கிலோ, பம்பு, டியூப், அடாப்டர் வைத்த பை மாட்டினால் 8.6. இந்தப் பக்கம் மெல்லிய டயரில் வருகிறவர்கள் அந்தப் பித்தளை அடாப்டரை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பெரியவர் கடையிலும் ஒன்று வாங்கிக் கொடுத்து வைத்திருக்கிறேன். வால் டியூப் டப்பாவுக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கும்.