வெள்ளாமை மாதிரி ஒரு வண்டி கழுவல்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பீளமேட்டுக்கோ சாயிபாபா காலனிக்கோ போய்ப் பாருங்கள். சளக்... சளக்... என்று தெரு பூராவும் ஒரே சத்தமாக இருக்கும். வாசலுக்கு வாசல் ஒரு மனிதர், மடித்துக் கட்டிய லுங்கி, கையில் மக், எதிரே கார். "அந்தக் கையால ரெண்டு பாத்திரத்தக் கழுவித் தந்தா ஆகாதா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். மனிதர் காதில் அது மட்டும் விழாது!

கோயம்புத்தூரில் மெஷின் என்றால் ஒறம்பரை மாதிரி. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் பஸ் ஓட்ட ஆரம்பித்த ஜி.டி. நாயுடுவின் ஊராயிற்றே! 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். காரைக் கழுவத் தெரிந்தவர் எத்தனை பேர்? அதைப் பார்க்கத்தான் ஒரு ஞாயிறு முழுக்க ஊரைச் சுற்றினேன்.

முதல் சிக்கல் தண்ணீர். இங்கே தண்ணீருக்கு இரண்டு பெயர்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்றால் சிறுவாணி. "உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணிங்க" என்பார்கள். முதலாவது எது என்று கேளுங்கள், "காப்பி சாப்பிடறீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தத் தண்ணியைக் காருக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? ஆகவே போர் தண்ணிதான்.

போர் தண்ணியில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். வெயிலில் சொட்டு காய்ந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் வட்ட வட்டமாக பெயிண்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். நாள் கணக்கில் விட்டால் சோப்புக்கும் அசையாது. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. நிழலில்கூட நிமிஷத்தில் காய்ந்துவிடும், போதாததற்குத் தூசியையும் கொண்டுவந்து கொட்டும். வழி ஒன்றுதான். வெயில் ஏறும் முன்னே, நிழலில், கதவு ஒன்று, பானெட் ஒன்று என்று பகுதி பகுதியாகக் கழுவி, காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும்.

அடுத்து சிங்காநல்லூர் பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸ். முப்பது வருஷமாகத் தண்ணியிலேயே நிற்கிற பெரியவர்.

"மேலருந்து கழுவணுங்களா, கீழருந்தா?"

"தம்பி, நீங்க காலத் தொடச்ச துணியில மூஞ்சியத் தொடைப்பீங்களா?"

"மாட்டனுங்க."

"அப்புறமென்னங்! டாப்புலருந்து எறங்கி வாங்க. சக்கரத்துக்குத் தனித் துணி. பக்கெட்டு ரெண்டு வேணும். ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல வெறுந்தண்ணி. துணிய வெறுந்தண்ணியில அலசிட்டுத்தான் ஷாம்புல முக்கோணும். ஒரே பக்கெட்டுன்னா, எடுத்த மண்ணையே திரும்பப் பூசறீங்க."

"பாத்திரம் வெளக்கற சோப்பு?"

"அது எண்ணெய எடுக்கறதுக்குன்னே பொறந்ததுங். வண்டி மேல இருக்கற மெழுகையும் சேத்து வழிச்சுப் போடும். அது போக, இஞ்சினுக்குள்ள பைப்பப் புடிச்சு அடிக்காதீங்க. இப்பத்த வண்டியில பூராம் ஒயருங். ஸ்டியரிங்லயும் பெடல்லயும் பாலிஷப் போடாதீங்க, வழுக்கும். கழுவுன கையோட பைபாஸ்ல வெரட்டவும் வேண்டாம். தெருவுலயே மெதுவாப் போயி ரெண்டு மூணு வாட்டி பிரேக்கப் புடிச்சு ஈரத்தக் காய வைங்க. வண்டி பளபளன்னு இருந்து என்னங் பண்றது, நிக்கோணுமல்லோ!"

கிளம்பும்போது காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "வண்டி கொண்டு வரலீங்களே!"

மூன்றாவது சிக்கல் துணி. பக்கத்திலேயே திருப்பூர் இருப்பதால் இந்தப் பக்கம் ஒர்க்ஷாப்புக்கு ஒர்க்ஷாப் பனியன் வேஸ்ட் மூட்டை இருக்கும். கிரீஸ் கையைத் துடைக்க அதைவிட உசத்தி கிடையாது. ஆனால் காரின் பளபளப்பு என்பது மேலே பூசிய ஒரு கண்ணாடி மாதிரிப் பூச்சு. கனம் சுமார் 50 மைக்ரான், அதாவது உங்கள் தலைமுடியைவிட மெல்லிசு. பனியன் துண்டின் தையலும், அதில் சிக்கிய மணலும் அதில் கோடு போடும். மைக்ரோஃபைபர் துணி நல்லது. அதுவும் தரையில் விழுந்துவிட்டால் மறுபடி அலசாமல் தொடாதீர்கள்.

கடைசியாகக் கணபதியில் ஒரு நண்பன் வீடு. ஆறு வருஷம் சேர்த்து வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார், கறுப்பு நிறம். தங்கச்சி கல்யாணத்துக்காக விற்கப் போகிறான். வந்து பார்த்த புரோக்கர் பானெட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, சிலந்தி வலை மாதிரி கோடு என்று இருபதாயிரம் குறைத்துக் கேட்டிருக்கிறார்.

கோடு போட்டது யார்? அவன் அப்பா. மில்லில் முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுந்து, தூசியோடு இருக்கிற காரைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"எப்பிடிடா சொல்றது? 'பையன் ஆபீசுக்குப் போற வண்டி'ன்னு பெருமையாத் தொடைக்கறாரு" என்றான் நண்பன்.

காப்பி வந்தது. நான் காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. "மில்லுல மெஷின எப்பிடிங்கய்யா சுத்தம் பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டேன். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மொதல்ல பஞ்சு, தூசியெல்லாம் ஊதி எடுத்துருவோணும் கண்ணு. ஊதாம துணியப் போட்டா, தூசி இழுத்துட்டுப் போயி..."

பாதியில் நிறுத்திவிட்டார். எழுந்து வாசலுக்குப் போனார். பானெட்டைக் குனிந்து பார்த்தார். விரலால் ஒரு தடவை தடவினார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பக்கெட்ட எடுத்துட்டு வா சாமி" என்றார் மகனிடம்.

பி.காம். படித்த எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தார்கள். வண்டி சும்மா நின்றாலே வருஷா வருஷம் மதிப்பு குறையும் என்று எழுதச் சொன்னார்கள். பாசத்தில் துடைத்துத் துடைத்துத் தேய்வதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று சொல்லித் தரவில்லை. வண்டியை அக்கறையில்லாதவர்கள் கெடுப்பதைவிட, அக்கறையுள்ளவர்கள் கெடுப்பதே அதிகம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: முதலில் தண்ணி, அப்புறம்தான் கை.

பாலிஷ் போட்டதில் பாதிக் கோடுகள் மறைந்தன. புரோக்கரும் பாதிப் பணத்துக்கு இறங்கி வந்தார். பெரியவர் இப்போது எதிர்வீட்டுக்காரர் காய்ந்த துணியோடு வந்தால் விடுவதில்லை.

"ஏனுங்க, மொதல்ல ஊதுங்!" என்கிறாராம்.