அரிதாள் நிலத்தின் தொலைவு

ழான் பிரான்சுவா மில்லே 1857இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த ஓவியத்தின் தலைப்பைத் தமிழில் சொல்ல முற்படும்போதெல்லாம் எனக்குச் சிறு தயக்கம் எழுகிறது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைச் சேர்க்கும் பெண்களைப் பிரெஞ்சு மொழி ‘கிளானூஸ்’ என்று ஒரே சொல்லில் குறித்துவிடுகிறது. ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ என்கிறோம் நாம். பொறுக்குதல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயரோ நம் வழக்கில் வசைச்சொல். அந்த ஏளனத்தின் நிழல்கூடப் படியாத ஓவியம் இது.

பார்பிசோன் சிற்றூரை ஒட்டிய ஷையி சமவெளி. முன்னணியில் மூன்று பெண்கள். இருவர் முற்றாகக் குனிந்திருக்கிறார்கள். மூன்றாமவள் பாதி நிமிர்ந்த நிலையில். இடப்புறத்தவள் ஒரு கையை முதுகின்மேல் மடித்து வைத்திருக்கிறாள். நெடுநேரம் குனிந்து வேலை செய்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் உடல்மொழி அது. சாயும் வெயில் அவர்களுடைய பிடரியிலும் தோளிலும் கைகளிலும் விழுந்து, கல்லில் செதுக்கியது போன்ற கனத்தைத் தருகிறது.

பின்னணியில் குன்றென உயர்ந்த கோதுமைப் போர்கள், பாரவண்டி, அறுவடையாட்கள், குதிரைமேல் ஒரு கண்காணி. வளமனைத்தும் பொன்மங்கலான தூசொளியில் கரைந்து நிற்கிறது. எளியோர் கதிர் பொறுக்கலாம் என்பது பிரான்சில் பழைய உரிமை. ஆனால் அறுவடை முழுதும் முடிந்த பின்னரே, பொழுது சாய்வதற்குள்ளேயே. குதிரைமேல் இருப்பவனின் சிற்றுருவம் இந்த நிபந்தனையை நினைவூட்டுகிறது.

நிலக்காட்சி ஓவியங்களில் மனிதர்கள் பெரும்பாலும் அளவுகோலாகவே வந்துபோவார்கள். இங்கோ நிலமே அளவுகோலாகிறது. பெண்களுக்கும் போர்களுக்கும் இடையே விரியும் அரிதாள் நிலத்தைக் கண் கடந்தாக வேண்டும். அந்தக் கடத்தலில்தான் இரு வாழ்வுகளுக்கு இடைப்பட்ட தொலைவை நாம் உணர்கிறோம். மில்லே அதைப் பற்றி எதுவும் உரைப்பதில்லை. எவர் முகத்திலும் துயரத்தை எழுதிக் காட்டுவதுமில்லை. குனிந்த முதுகுகளை அடிவானக் கோட்டுக்குக் கீழே நிறுத்தியதோடு சரி.

1848 புரட்சியின் அச்சம் தணியாத மேட்டுக்குடிப் பார்வையாளர்களுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. இப்பெண்களுக்குப் பின்னால் 1793இன் கொலைமேடைகள் தெரிவதாகக்கூட ஒரு விமரிசகர் எழுதினார். ஷாம்பேன் வணிகத்தால் செழித்த மதாம் பொம்மரியின் கொடையாக 1890இல் அரசுடைமையான இவ்வோவியம், இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான் அறிந்தது அச்சுப்படிகளின் வழியாகத்தான். எனினும் ஒன்றை ஒவ்வொரு முறையும் கவனிக்கிறேன். கண் முதலில் பொன்னிறப் பின்னணியின் அழகில்தான் இளைப்பாறப் போகிறது. சற்றுப் பொறுத்தே அந்த அழகு யாருக்கு எட்டாதது என்பது புலனாகிறது. பிறகு பார்வை தானாகவே முன்னணிக்குத் திரும்பி, தரையைத் தொடும் அந்தக் கைகளில் நிலைத்துவிடுகிறது.