உப்பு வாரும் கை

அன்புள்ள தோழிக்கு,

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில்தான் வந்தேன். மரக்காணத்தில் பாத்தி பாத்தியாய் உப்பளம், வரப்போரம் வெள்ளைக் குவியல்கள். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் கூனிமேடு. பள்ளிவாசல், மீனவர் குப்பம், டீக்கடை, நடுவே நிற்காமல் பறக்கும் புதுச்சேரிக் கார்கள்.

நான் பார்க்க வந்த அக்காவுக்குப் போன மழைக்காலத்தில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. நடை திரும்பிவிட்டது, கைதான் பாதி. வாசலில் என்னைப் பார்த்ததும், "கரண்டு வைக்கிற பொண்ணா நீ?" என்றார். இல்லை என்றதும் முகம் விழுந்துவிட்டது. பிசியோதெரபிக்காவது இந்த ஊரில் ஒரு பேர் உண்டு. நம் ஆக்குபேஷனல் தெரபிக்கு அதுவும் இல்லை.

கையைத் தூக்கச் சொல்லவில்லை. விடிந்ததும் என்னென்ன வேலை என்று கேட்டேன். இருட்டில் எழுந்து சோறு கட்டுவது, நீளக் கம்பு போட்ட பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்ப்பது, கூடையில் அள்ளித் தலையில் சுமப்பது. செய்து காட்டுங்கள் என்றேன். துடைப்பத்தை எடுத்து முற்றத்தில் வாரிக் காட்டினார். இடக்கை இழுக்கிறது, வலக்கை கம்பைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது, பாரம் மொத்தமும் இடுப்பில். படுக்க வைத்துச் சோதித்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

பிறகு கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் சாவியை வைத்தேன். எதுவும் வைத்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. அங்கேதான் பயந்தேன். உப்புப் பரல் கிழித்தாலும் கம்பு உராய்ந்து கொப்பளித்தாலும் அந்தக் கை சொல்லாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டது இதுதானே? விரல்கள் குறைந்துபோனதற்கு வலி தெரியாமல் பட்ட காயங்களே பெருங்காரணம். தசைநாண் மாற்றி அவர் நிமிர்த்திய விரல்களுக்கும் வேலையை மறுபடி பழக்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

பழைய சைக்கிள் ட்யூபைக் கம்பில் சுற்றிப் பிடியைத் தடிமனாக்கினோம். தினமும் சாயங்காலம் உள்ளங்கையை மகளிடம் காட்ட வேண்டும். கூடை சுமப்பது இப்போதைக்குக் கூடாது என்றேன். "சொமக்காம கூலி யாரு குடுப்பா?" என்றார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

நீ அமெரிக்க உரிமத்துக்குப் படிக்கிறாய். தேசியத் தேர்வு ஒன்று, அதற்கப்புறம் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம். இங்கே நம் கதை வேறு. அமெரிக்காவில் பிறந்து இந்திய மருமகளான கமலா நிம்ப்கர் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கியது 1950இல். 1952இல் நம் துறையின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது இந்தியாவும் நிறுவன உறுப்பு நாடு. ஆனால் நாடு முழுமைக்குமான பதிவேட்டுக்கு வழிசெய்த சட்டம் வந்தது 2021இல்தான். அதுவரை டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற சில இடங்கள் தவிர, யார் பெயர்ப்பலகை மாட்டினாலும் கேட்பாரில்லை. பதிவேடு வேண்டும், சந்தேகமே இல்லை. தெரிந்தவரையும் தெரிந்ததாகச் சொல்பவரையும் இந்த அக்கா எப்படிப் பிரித்தறிவார்?

ஆனாலும் நம் பயிற்சியில் ஒரு குறை. உலகக் கூட்டமைப்பு குறைந்தது 1,000 மணி நேரக் களப் பயிற்சி கேட்கிறது. என்னுடையதில் பெரும்பகுதி குளிரூட்டிய அறையில், மர வளையத்தைக் குச்சியில் மாட்டவைத்தே கழிந்தது. அந்த வளையத்தை எந்த வீட்டில் மாட்டுகிறார்கள், சொல்! அந்த மணிக்கணக்கில் ஒரு பங்கை உப்பளத்திலும் மீன் இறங்கும் கரையிலும் கழிக்கச் சொல்லி விதி எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

அடுத்த வாரம் அக்காவோடு பாத்திக்கே போகிறேன். வழுக்கும் வரப்பில் அவர் கால் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உணர்வு மரத்த கைக்குப் பயிற்சி பற்றி நீ எழுதி வைத்த குறிப்புகளைப் படம் எடுத்து அனுப்பு. தேர்வுத் தேதியையும் எழுது.

அன்புடன்,
உன் தோழி